உருகிய இரும்பிற் சேர்க்கும் சரக்குகள்

கிராமங்களில் இன்று வழங்கும் இரும்புச் சாமான்களுட் பல வார்ப்படத்தினால் ஆனவை. கிணற்று நீரை ஏற்றும் பம்பின் கூடும், அதனுள்ளே சுழலும் விசிறியும், எண்ணெய் எஞ்சினின் சிலிண்டரும், கரும்பாலையின் உருளையும் இவ்வகையைச் சேர்ந்தனவேயாம். பயிர் கதிர் வாங்கும் தறுவாயில் பம்பின் கூடு வெடித்துவிடுமாயின், வேறொன்று வந்து சேருமுன் நிலம் காய்ந்துபோகும். அப்பொழுது குடியானவன் அடையும் நஷ்டம் அச்சாமானின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும்.

ஒரே அச்சில், ஒரே எடையில் வார்த்த இரு கூடுகளுள் ஒன்று பல ஆண்டு உழைப்பதும், மற்றொன்று விரைவில் விரிசல் காண்பதும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டிற்கும் வேற்றுமை தோன்றாது. இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் முக்கியமானது, உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்குச் சற்று முன்னர் அதிற் சேர்க்கப்படும் துணைச்சரக்கேயாகும். ஆயிரம் கிலோ இரும்புக்கு அச்சரக்கு பெரும்பாலும் சில கிலோவே வேண்டும். அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு பெரிய மாறுதலை எங்ஙனம் உண்டாக்குகிறது என்பதும், அதனை எவ்வாறு பிரயோகித்தல் வேண்டும் என்பதும் இங்கே விளக்கப்படும்.

1. மூசையில் இட்ட ஆவாரங்கட்டை

இரும்போடு பிறிதொரு பொருளைச் சேர்த்து அதன் குணத்தை மாற்றுதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில் பழைய இரும்புருக்கு உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சேலம் பகுதியில் இத்தொழில் நடைபெற்று வந்தது. ஏறக்குறைய ஒரு ராத்தல் தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, அவற்றோடு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இவ்வாறு ஆயத்தம் செய்த இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளை உலையில் அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். மூசை ஆறியபின் அதனை உடைத்தால் உள்ளே எஃகுக்கட்டி கிடைக்கும்.

கட்டையும் இலையும் கரிந்து, அக்கரி இரும்பிற் கலந்தமையே இரும்பு எஃகான காரணம். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவான கரி, வளையும் இரும்பை வாள்முனைக்கு ஏற்ற எஃகாக்கிவிட்டது. சிறிதளவு சரக்கினாற் பெரும் பயன் விளையும் என்னும் இத்தொழிலின் அடிப்படை இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

2. உருகிய எஃகிலுள்ள இரு குற்றங்கள்

உருகிய எஃகில் மறைந்திருந்து கெடுதி செய்வன இரண்டு. ஒன்று பிராணவாயு, மற்றொன்று கந்தகம்.

தண்ணீர் காற்றைத் தன்னுட் கரைத்து வைத்துக்கொள்வதுபோல, உருகிய எஃகு பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சுமார் 1,600 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் உருகிய இரும்பு நூற்றுக்கு 0.2 பங்குக்குச் சற்று மேலும் பிராணவாயுவை ஏற்கவல்லது. உறைந்த இரும்போ ஏறக்குறைய ஒன்றையும் ஏற்பதில்லை. ஆகவே, எஃகு அச்சினுள் உறையும்பொழுது பிராணவாயு வெளியே தள்ளப்படுகிறது. அங்ஙனம் தள்ளப்பட்டது எஃகிலுள்ள கரியோடு கூடி வாயுவாக மாறும். அவ்வாயு வெளியேற வழியின்றிக் குமிழிகளாக உள்ளேயே தங்கிவிடும். மேற்புறம் வழவழப்பாயிருந்தும் உள்ளே பொந்து விழுந்த வார்ப்படம் உண்டாவது இவ்வாறே.

கந்தகத்தின் தன்மை வேறு. அது இரும்போடு கூடிய கலவை சுமார் 990 டிகிரியிலேயே உருகிவிடும். எஃகு உறையும்பொழுது இக்கலவை கடைசிவரை நீராகவே இருந்து, எஃகின் பரல்களுக்கு இடையே மெல்லிய படலமாகப் பரவுகிறது. பின்னர் அவ்வெஃகைச் செஞ்சூடேற்றிச் சம்மட்டியால் அடித்தால், பரல்களை இணைக்கும் இடத்திலே படலம் உருகியிருத்தலின் எஃகு பிளந்துபோகும். கொல்லர் உலைக்களத்தில் சில இரும்பு ‘சூட்டிலே உதிர்வது’ பெரும்பாலும் இதனாலேயே.

3. பறங்கிப்பேட்டையிலிருந்து ஷெபீல்டுக்கு

இக்குற்றங்களுக்கு மாங்கனீஸ் என்னும் உலோகமே நல்ல மருந்து என்பதைத் தொழிலிற் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகத்தை விட்டு, 1830-ஆம் ஆண்டையொட்டிப் பறங்கிப்பேட்டையில் இரும்புத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியவர். சேலம் ஜில்லாவின் கனிக்கல்லும் காட்டு மரக்கரியும் அதற்கு மூலப்பொருள்கள். மேலே கூறிய ஆவாரங்கட்டை, எருக்கிலை முறையை விவரித்து எழுதியவரும் அவரே.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தார் நல்ல எஃகு செய்வதற்கு ஸ்வீடன், ருஷியா முதலிய நாடுகளின் விலையுயர்ந்த இரும்பையே நம்பியிருந்தனர். ஆங்கில நாட்டு இரும்பில் செய்த எஃகு பற்றவைப்புக்கு இணங்கவில்லை. மூசையிலுள்ள எஃகில் மாங்கனீஸும் கரியும் கூடிய பொருளை நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு சேர்த்தால் மலிந்த இரும்பும் நல்ல எஃகாகும் என்று ஹீத் கண்டு, 1839-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். தொழிலாளர் அதனை விரைந்து கைக்கொண்டனர். எஃகின் விலையும் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அப்பயன் அவருக்குக் கிட்டவில்லை. மாங்கனீஸ் கனிப்பொடியையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டாலும், அவை உள்ளேயே ஒன்றுகூடி அதே பலனைத் தரும். இஃது இன்னும் மலிவான வழி. பத்திரத்தில் எழுதியிருந்ததோ முன்னரே கூட்டிய பொருளைச் சேர்க்கும் முறை மட்டுமே. இவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவருக்குக் கட்டணம் செலுத்தாமலே பலர் தொழில் செய்தனர். வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. ஹீத் 1851-ஆம் ஆண்டிற் காலமானார். 1855-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகவே முடிவு கூறியது.

அடுத்த ஆண்டிலேயே மாங்கனீஸின் அவசியம் மறுபடியும் வெளிப்பட்டது. 1856-இல் ஹென்றி பெஸ்ஸிமர் என்பவர் உருகிய இரும்பினூடே காற்றை ஊதி விரைவில் எஃகு செய்யும் முறையை வெளியிட்டார். காற்றை ஊதியதனால் கரி நீங்கியது. ஆயின் பிராணவாயு மிஞ்சி எஃகு சூட்டிலே உதிர்ந்தது. ராபர்ட் மஷட் என்பவர் மாங்கனீஸ் மிகுந்த ‘கண்ணாடி இரும்பை’ ஊதி முடிந்தபின் சேர்த்து இக்குறையை நீக்கினார். அவரது பத்திரமும், செலுத்தவேண்டிய கட்டணம் உரிய காலத்திற் செலுத்தப்படாமையால், 1859-இல் காலாவதியாயிற்று. பிற்காலத்தில் பெஸ்ஸிமர் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளித்துவந்தார்.

இச்சரக்குக்கு வேண்டிய மாங்கனீஸ் கனிக்கல் இந்தியாவிலேயே மிகுதியாக உண்டு. அதனை வெட்டியெடுக்கும் தொழில் 1892-இல் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டணப் பகுதியிற் றொடங்கியது. நாகபுரி, பாலாகாட், சந்தூர்ப் பகுதிகளிலும் இக்கனி கிடைக்கிறது.

4. எஃகுக்குரிய மூன்று சரக்குகள்

எஃகு வார்ப்படத்தில் சாதாரணமாய்ச் சேர்க்கப்படுவன மாங்கனீஸ், சிலிகன், அலுமினியம் என்னும் மூன்றாம். மாங்கனீஸையும் சிலிகனையும் தனியே பிரித்தெடுத்தல் செலவு மிக்கது. ஆதலின் அவற்றை இரும்போடு கலந்தபடியே உருக்கி, பெர்ரோ-மாங்கனீஸ், பெர்ரோ-சிலிகன் என்னும் பெயர்களால் கட்டிகளாக விற்கின்றனர். முன்னதில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு மாங்கனீஸும், வார்ப்படச்சாலைகளில் வழங்கும் பின்னதில் ஏறக்குறைய 75 பங்கு சிலிகனும் இருக்கும்.

மாங்கனீஸ் இருவேலை செய்கிறது. பிராணவாயுவைப் பற்றிக் கிட்டமாக்குவது ஒன்று. கந்தகத்தை இரும்பினின்று பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வது மற்றொன்று. மாங்கனீஸும் கந்தகமும் கூடிய பொருள் சுமார் 1,600 டிகிரி வரையில் உருகாது. ஆகவே அது படலமாய்ப் பரவாமல் சிறு மணிகளாய் ஒதுங்கிவிடும். செஞ்சூட்டில் அடித்தாலும் எஃகு பிளவாது.

சிலிகன் பிராணவாயுவைப் பற்றுவதில் மாங்கனீஸினும் வலியது. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்தால், விளையும் கிட்டம் இளகிய நீராய் இருக்கும். சிறு துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரியனவாகி மேலே மிதக்கும், அவற்றை வழித்தெடுத்துவிடலாம்.

அலுமினியம் இவ்விரண்டினும் மிக வலியது. எனவே அது கடைசியாகவே சேர்க்கப்படுகிறது. முதலிலேயே சேர்த்தால் விலையுயர்ந்த அச்சரக்கு வீணே எரிந்துபோகும். ஆயிரம் கிலோ எஃகுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போதுமானது. இங்கே ஒரு விஷயம் கவனித்தற்குரியது. ‘சிறிதளவு சேர்த்தால் சிறிதளவு நன்மை’ என்று எண்ணி அலுமினியத்தை மிகக் குறைத்தல் கூடாது. அரைகுறையாய்ச் சேர்த்த அலுமினியம் கந்தகக் கலவையைப் பரல்களின் எல்லையோரமாய்ச் சங்கிலிபோல் வரிசைப்படுத்திவிடும். அவ்வெஃகு அலுமினியமே சேராத எஃகினும் எளிதில் முறியும். தக்க அளவு சேர்த்தபொழுதே அச்சங்கிலி அறுந்து, கலவை தனித்தனி மணிகளாகும். அளவுக்கு மிஞ்சினாலோ எஃகின் ஓட்டம் கெடும். நைட்ரஜனோடு கூடிப் பரல்களின் பிணைப்பையும் அது தளர்த்தும்.

5. அளவு மாறினாற் குணமும் மாறும்

ஒரே சரக்கு அளவு வேறுபாட்டால் எத்துணை வேறுபட்ட குணத்தைத் தரும் என்பதற்கு மாங்கனீஸே தக்க உதாரணம். நூற்றுக்கு ஒரு பங்குக்கு உட்பட்டிருக்கும்பொழுது அது குற்றம் நீக்கும் மருந்தாக மட்டும் நிற்கிறது. கரி மிகுந்த எஃகில் அதனை நாலைந்து பங்காக உயர்த்தினால் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். இதுகண்டு பலரும் பின்வாங்கினர். ஷெபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்பீல்டு என்பவர் அதற்கு மேலும் சேர்த்துப் பார்த்து, 1882-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 12 பங்கு மாங்கனீஸும் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட கரியும் உடைய எஃகு மிகுந்த உறுதி வாய்ந்தது எனக் கண்டார்.

இவ்வெஃகின் நடை சாதாரண எஃகின் நடைக்கு நேர்மாறானது. அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிற் றோய்த்தால் அது கடினமாகும் என்பது கொல்லர் யாவரும் அறிந்ததே. மாங்கனீஸ் எஃகை 1,000 டிகிரிக்கு மேற் காய்ச்சித் தண்ணீரிற் றோய்த்தால் அது கடினமாகாமல், முறியாத் தன்மையை அடைகிறது. பின்னர் அடி விழவிழ, அடிபட்ட மேற்புறம் மட்டும் கடினப்படும்; உட்புறம் தன் உறுதியை இழப்பதில்லை. கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைகளும் ரயில் பாதைகள் குறுக்கிடும் இடத்துத் துண்டுகளும் இதனாலேயே செய்யப்படுகின்றன.

6. வார்ப்பிரும்பின் பரிகாரம்

பம்புக் கூடு முதலியவை பெரும்பாலும் எஃகினால் அன்றி வார்ப்பிரும்பினால் ஆனவை. இதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற்பட்ட கரியும், ஏறக்குறைய இரண்டு பங்கு சிலிகனும் உண்டு. இரும்பு நிதானமாய் உறைந்தால் கரி மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்கும். இது சாம்பல்நிற வார்ப்பிரும்பு. இதனை அரத்தால் அராவலாம், கடையலாம். விரைவில் உறைந்தால் கரி பிரியாமல் இரும்போடு கூடியே நின்று, வெண்ணிறமும் மிகுந்த கடினமும் நொறுங்குந் தன்மையும் உண்டாகும். பம்பின் கூட்டில் மெல்லிய ஓரங்கள் விரைவில் ஆறுவதால், தடித்த பகுதி நன்றாயிருந்தும் ஓரம் வெளுத்து உடைகிறது.

இதற்குப் பரிகாரம், ஊற்றுமுன் பொடித்த பெர்ரோ-சிலிகனைச் சேர்ப்பதே. ஆயிரம் கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். இச்சரக்கிலே கலந்துள்ள சிறிதளவு கால்சியமும் அலுமினியமும் இவ்வேலைக்குத் துணை செய்கின்றன. பாலில் இட்ட உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குவதுபோல, இது கரித்தகடுகள் தோன்றுவதற்குரிய வித்துக்களை உருக்கு முழுவதும் தூவிவிடுகிறது. ஆனால் இவ்வித்தின் ஆயுள் குறுகியது. பத்துப் பதினைந்து நிமிஷங்களில் அதன் வலிமை பெரும்பாலும் தேய்ந்துவிடும். காலையில் ஒரு முறை சேர்த்துவிட்டு நெடுநேரம் ஊற்றிக்கொண்டிருத்தல் பயனற்றது. ஒவ்வொரு முறை வாங்கும் உருக்கிலும் புதிதாய்ச் சேர்த்தல் வேண்டும்.

கியுபோலா உலையில் கல்கரியிலிருந்து கந்தகம் இரும்பில் ஏறுகிறது. அதனைக் கட்ட வேண்டிய மாங்கனீஸின் அளவைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. கந்தகத்தின் அளவை 1.7-ஆற் பெருக்கி, 0.3-ஐக் கூட்டுக. நூற்றுக்கு 0.1 பங்கு கந்தகம் இருக்குமாயின், வேண்டிய மாங்கனீஸ் 0.17-உம் 0.3-உம் சேர்ந்து 0.47 பங்காம்.

சாம்பல்நிற வார்ப்பிரும்பின் பெருங்குறை, அதிலுள்ள கரித்தகடுகளே வெடிப்புக்கு வழியாதல். தகடுகளை உருண்டைகளாக மாற்றினால் இக்குறை நீங்கும். அமெரிக்காவில் சர்வதேச நிக்கல் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் கீத் மில்லிஸ் என்பவர் 1943-ஆம் ஆண்டில் மக்னீஷியத்தைச் சேர்த்து இதனைச் சாதித்தார். இங்கிலாந்தில் ஹென்டன் மாரோ என்பவர் சீரியம் என்னும் உலோகத்தைக் கொண்டு கண்ட முறை 1948-இல் வெளியாயிற்று. இன்று வழங்குவது பெரும்பாலும் மக்னீஷிய முறையே.

மக்னீஷியம் சுமார் 1,090 டிகிரியில் கொதித்து ஆவியாகும். உருகிய இரும்போ 1,400 டிகிரிக்கும் மேலான சூட்டில் உள்ளது. தனி மக்னீஷியத்தை அதிற் போட்டால் கண்ணைப் பறிக்கும் ஒளியோடு வெடித்தெழும். ஆகையால் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு மக்னீஷியம் கலந்த பெர்ரோ-சிலிகனை வார்ப்புக் கலயத்தின் அடிக்குழியில் வைத்து, எஃகுத் துண்டுகளால் மூடி, அதன்மேல் இரும்பை ஊற்றுவர். முடிவில் இரும்பில் தங்கவேண்டிய மக்னீஷியம் நூற்றுக்கு 0.03 முதல் 0.05 பங்கு மட்டுமே. குறைந்தால் தகடுகள் திரும்பத் தோன்றும். மிகுந்தால் வெண்மையும் உட்சுருக்கமும் உண்டாகும். கந்தகம் மிகுந்த இரும்பில் மக்னீஷியம் முதலில் கந்தகத்துக்கே செலவாகிவிடும். ஆதலின் முன்னரே கந்தகத்தைக் குறைத்துக்கொள்ளுதல் அவசியம்.

7. பிரயோக விதிகள்

முதலாவது, சரக்கு உலர்ந்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் திறந்தவெளியிற் கிடந்த கட்டியை அப்படியே போட்டால், ஈரம் ஆவியாகி உருக்கு வெடித்துச் சிதறும். வேலையாட்களுக்கு உயிராபத்து நேரும். தப்பினாலும், நீரினின்று பிரிந்த ஜலவாயு உருக்கிற் கரைந்து ஊசித்துளைகளை உண்டாக்கும். முன்னதாகவே சூடேற்றிச் சேர்த்தல் நலம்.

இரண்டாவது, சரக்கை நிறுத்துப் போடுதல் வேண்டும். கைக்கணக்கு இத்தொழிலுக்கு உதவாது. நிறுவைத் தராசுக்கு ஆகும் செலவு, தள்ளுபடியான வார்ப்படங்களின் செலவுக்கு முன் அற்பமே.

மூன்றாவது, துண்டுகள் அளவாயிருத்தல் வேண்டும். பெரியவை கரையாமல் உள்ளே தங்கிக் கடினமான முடிச்சுகளாகும். தூளோ கிட்டத்தோடு மேலே மிதந்து எரிந்துபோகும்.

நான்காவது, எஃகுக்கு நன்மை செய்வது வார்ப்பிரும்புக்கும் நன்மை செய்யும் என்று கருதலாகாது. எஃகைச் சீர்செய்யும் அலுமினியம், வார்ப்பிரும்பில் சிறிதளவு சேர்ந்தாலும், மணலச்சின் ஈரத்தினின்று ஜலவாயுவைப் பிரித்து ஊசித்துளைகளுக்குக் காரணமாகும். அலுமினியத் துண்டுகள் கலந்த பழைய இரும்பைப் பிரித்தெடுக்காமல் உருக்குதல் இதனாலேயே விலக்கற்பாலது.

ஐந்தாவது, ஊற்றுமுன் சோதித்தல் வேண்டும். ஆப்பு வடிவமான சிறு வார்ப்படம் ஒன்றை ஊற்றி, ஆறியதும் உடைத்து, அதன் கூர்முனையில் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறதென்று பார்க்கவேண்டும். வெண்மை மிகுந்திருந்தால் சரக்குப் போதவில்லை என்பது உடனே விளங்கும்.

சரக்கினாற் றீராத குற்றங்களும் உண்டு. அச்சுமணலின் ஈரம், சூடு குறைந்த உருக்கு, கிட்டத்தை வழியாமல் ஊற்றுதல் ஆகிய இவற்றுக்கு எந்தச் சரக்கும் மருந்தாகாது. பாஸ்பரம் மிகுந்த பழைய இரும்பைக் கியுபோலாவில் உருக்கினால், அப்பாஸ்பரம் அப்படியே வார்ப்படத்திற் சேரும். மூலப்பொருளைத் தெரிந்தெடுத்தலே அதற்கு வழி.

8. வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

கோயம்புத்தூர் முதலிய இடங்களின் வார்ப்படச்சாலைகளிற் சாமான் வாங்கும் குடியானவர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

(1) சாமானைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கலாம். உருண்டைக் கரி வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். சாம்பல்நிற இரும்பின் ஒலி சற்று மந்தமானது. விரிசல் உள்ளது கரகரக்கும்.

(2) மெல்லிய ஓரத்தில் அரத்தை இழுத்துப் பார்க்கவேண்டும். அரம் பற்றாமல் வழுக்கினால் ஓரம் வெளுத்திருக்கிறது என்று அறியலாம். அத்தகைய கூடு சிறு அதிர்ச்சியிலும் உடையும்.

(3) பம்புக் கூட்டினை நீர் அடைத்து அழுத்தஞ்செய்து காட்டும்படி கேட்கவேண்டும். வேர்வைபோல் நீர் கசிந்தால் உள்ளே துளையுண்டு. மேலே பூசிய வர்ணம் துளையைச் சில நாட்களே மறைக்கும்.

(4) இந்தியத் தரக்குறி எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். சாம்பல்நிற வார்ப்பிரும்புக்கு ஐ. எஸ். 210 என்பதும், உருண்டைக் கரி வார்ப்பிரும்புக்கு ஐ. எஸ். 1865 என்பதும் குறிகளாம். முன்னதில் ‘எஃப். ஜி. 200’ என்பது சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவையைத் தாங்கும் தரம். பின்னதில் ‘எஸ். ஜி. 400/15’ என்பது 400 நியூட்டனைத் தாங்கி, முறியுமுன் நூற்றுக்கு 15 பங்கு நீளவும் வல்ல தரம். அதிர்ச்சி மிகும் உறுப்புக்களுக்குப் பின்னதையே கேட்டு வாங்குதல் தகும்.

(5) மாங்கனீஸ் எஃகினாலான உறுப்பு தேய்ந்துவிட்டால் அதனைக் கொல்லுலையில் இட்டு நெடுநேரம் காய்ச்சலாகாது. தண்ணீரிற் றோய்த்துப் பெற்ற உறுதி அச்சூட்டிலே கெட்டு, அவ்வுறுப்பு அடுத்த அடியிலேயே முறியக்கூடும். அதனை வார்த்த தொழிற்சாலைக்கே அனுப்பிப் பழுது பார்த்தலோ, புதிது மாற்றுதலோ தக்கது.